சைவ வீட்டுக்குள் வந்த பன்றிப் புழு

மேட்டூர்த் தண்ணீர் குடமுருட்டிக்கு வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை மகனுக்கு அப்போது 14 வயது. பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம். நிலைப்படியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே பக்கவாட்டில் சரிந்தான். முதலில் விளையாடுகிறான் என்றே நினைத்தேன். வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு உடம்பு முழுக்க. வாயோரம் நுரை. தயிர்சாத டப்பா உருண்டு வாசல் கோலத்தில் போய் நின்றது.

எதிர்வீட்டுப் பெரியவர் ஓடிவந்து அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். யாரோ வெங்காயம் எடுத்துவரச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி, "அமாவாசை நெருங்குதுல்ல" என்றாள். எல்லாம் இரண்டு நிமிடம்தான் இருக்கும். அதற்குள் அத்தைக்குப் பத்து வயது கூடிவிட்டது.

தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கம் கொண்டைக்கடலை அளவில் ஒரு வளையம். "கேன்சர் இல்லைம்மா, பயப்படாதீங்க. புழுக்கட்டி. பன்றி நாடாப்புழுன்னு சொல்லுவோம்" என்றார் டாக்டர். பயம் போன முகத்தோடு அத்தை நிமிர்ந்தாள். அடுத்த நொடியே அந்த முகம் வேறு மாதிரி ஆனது.

"டாக்டர், நாங்க சைவம். எங்க வீட்டுல முட்டைகூட வாங்குறதில்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் காதோரம் வந்து சொன்னாள்: "புழுன்னு யார்கிட்டயும் சொல்லாதடா. தலையில நீர் கோத்திருக்குன்னு சொல்லு. பன்னி தின்ன வீடுன்னு பேச்சாயிடும்."

அந்தப் பஸ்ஸில் நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கான கடன்தான் இந்தக் கட்டுரை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் படம்

சில வருடங்களாக ஒரு படம் கைபேசிகளில் வந்துகொண்டே இருக்கிறது. மூளைக்குள் வெள்ளை வெள்ளையாய், கொட்டி வைத்த ஜவ்வரிசிபோல் நூற்றுக்கணக்கில் புள்ளிகள். கீழே, "வேகாத பன்றிக்கறி சாப்பிட்டவரின் மூளை. எல்லாருக்கும் அனுப்புங்கள்."

இப்படிப் பரவிய படங்களில் ஒன்று நம் நாட்டுடையதுதான். ஃபரிதாபாத்தில் வலிப்போடு சேர்க்கப்பட்ட 18 வயது இளைஞரின் ஸ்கேனை 2019இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்டது. இரண்டு வாரத்தில் அவர் இறந்துபோனார். படம் உண்மை. அடியில் எழுதியிருக்கும் வாசகம்தான் பாதி தவறு. அந்தப் பாதித் தவறு செய்யும் கேடு, புழு செய்வதற்குக் குறைந்ததல்ல.

டீனியா சோலியம் என்பது இந்தப் புழுவின் பெயர். அதன் வாழ்க்கை இரண்டு வீடுகளில் நடக்கிறது. ஒன்று பன்றி, இன்னொன்று மனிதன். பன்றியின் தசைக்குள் சின்னச் சின்ன நீர்ப்பைகளாக அது படுத்திருக்கும். ஊறவைத்த ஜவ்வரிசியைக் கறிக்குள் பதித்தது மாதிரி. அந்தக் கறியை அரைவேக்காட்டில் ஒருவர் தின்றால், பை உடைந்து குட்டிப் புழு குடலின் சுவரைக் கவ்விக்கொள்ளும். இரண்டு மாதத்தில் பல மீட்டர் நீள நாடாவாக வளர்ந்துவிடும். ஆனால் அது குடலிலேயே இருக்கும். லேசான வயிற்று உபத்திரவம். சமயத்தில் மலத்தில் ரிப்பன் துண்டுபோல் வெள்ளையாய் ஏதோ போகும். பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை. வேகாத கறி தின்றவருக்குக் கறியினால் வருவது இவ்வளவுதான்.

மூளைக்குப் போவது கறியிலிருந்து வரும் புழு அல்ல, முட்டை. குடலில் புழு வளர்த்துக்கொண்டிருக்கும் மனிதரின் மலத்தில் முட்டைகள் வெளியேறுகின்றன. உதிரும் ஒவ்வொரு துண்டிலும் ஏறத்தாழ 50,000 இருக்கலாம். அவை வாய்வழியாக இன்னொருவருக்குள் போனால், குடலில் பொரிந்து, ரத்தத்தில் ஏறி, தசைக்கும் கண்ணுக்கும் மூளைக்கும் போய்ப் பையாகக் குடியேறும். பன்றிக்கு நடப்பது அப்படியே மனிதருக்கு நடக்கிறது. புழு வளர்ப்பவர் கை கழுவாவிட்டால் அந்த முட்டை அவர் வாய்க்கே திரும்பி வரவும் கூடும்.

ஆக, என் அத்தை மகன் தின்றது பன்றிக்கறியை அல்ல. கண்ணுக்குத் தெரியாத அளவில் யாரோ ஒருவருடைய மலம் அவன் வாய்க்குள் போயிருக்கிறது. எழுதவே கூசுகிறது. ஆனால் இதைக் கூச்சப்பட்டு மறைத்து மறைத்துத்தான் இத்தனை வருடம் பன்றி மேலும், பன்றி வளர்ப்பவர் மேலும், கறி தின்பவர் மேலும் பழியைப் போட்டிருக்கிறோம். பன்றிக்குப் புழுவைக் கொடுத்ததே மனிதர்தான். திறந்தவெளியில் கிடந்ததை அது தின்றது, அவ்வளவே.

■ வெந்தால் போதும்
பன்றிக்கறியை முழுத்துண்டாகச் சமைத்தால் உள்பகுதி 63 டிகிரி செல்சியஸ் எட்டி, இறக்கிய பின் மூன்று நிமிடமாவது அப்படியே இருக்க வேண்டும். கொத்துக்கறி என்றால் 71 டிகிரி. நம் வீட்டுக் குழம்பு இதையெல்லாம் சுலபமாகத் தாண்டிவிடும். தீயில் வாட்டி, நடுவில் சிவப்பாக இருக்கும்போதே எடுக்கும் துண்டுதான் ஆபத்து. கறியின் உள்பகுதி வரை உறைந்திருந்தால் மைனஸ் 5 டிகிரியில் 4 நாள், மைனஸ் 15இல் 3 நாள், மைனஸ் 24இல் 1 நாளில் நீர்ப்பைகள் செத்துவிடும். மூலத்துக்கு நல்லது என்று பன்றிக்கறி வாங்கித் தருபவர்கள் வேக்காட்டைக் கவனித்துக்கொண்டால் போதும்.
மாட்டு நாடாப்புழு வேறு. அதன் முட்டை மனித மூளையில் கட்டியாவதில்லை.

வேலூர் அவிழ்த்த முடிச்சு

இந்த நோய் நமக்குப் புதிதல்ல. வலிப்பில் இறந்த ஒரு கூலித் தொழிலாளியின் மூளையில் இந்தப் பைகள் இருந்ததை 1888இல் மதராஸில் ஆம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் பதிவு செய்தார். பிற்பாடு இந்தியாவில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வருடங்கள் கழித்து வலிப்பு வரத் தொடங்கியபோதுதான் லண்டன் விழித்துக்கொண்டது. அப்படி 450 பேரை ஆராய்ந்த அறிக்கை 1961இல் வெளியானது. சிப்பாய்க்கு அறிக்கை கிடைத்தது. அவனுக்குச் சோறு பொங்கிப் போட்ட ஊர்க்காரர்களை அப்படி எண்ணிப் பார்க்க ஆளில்லை.

1980களில் ஸ்கேன் பரவலானது. வலிப்போடு வரும் இந்திய நோயாளிகள் பலரின் மூளையில் ஒற்றைச் சிறு வளையம் ஒன்று தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலிய மருத்துவர்கள் அந்தக் கட்டிகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உள்ளே இருந்தது நாடாப்புழுவின் பை. 1989இல் 'லான்செட்' இதழில் அது வெளியானது. எந்த வளையம் புழு, எது காசநோய் என்று பிரித்தறியும் அளவுகோல்களையும் பிறகு வகுத்தார்கள். 20 மில்லிமீட்டருக்கு மேல் போகாத ஒற்றைக் கட்டி, மூளையைத் தள்ளாத வீக்கம், உடம்பில் வேறெங்கும் நோய் இல்லாமை. ஆயிரக்கணக்கானவர்களைத் தேவையற்ற அறுவையிலிருந்தும் மருந்திலிருந்தும் காத்த வேலை இது. நம் மாநிலத்தில் நடந்தது. பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தியாவது இருக்க வேண்டாமா?

அதே குழு வேலூர் மாவட்டத்தில் கிராமமும் நகரமுமாக 50,617 பேரை விசாரித்து 2006இல் முடிவை வெளியிட்டது. ஆயிரத்துக்கு ஏறக்குறைய நாலு பேருக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தப் புழு. பிறவிக் குறையோ குலதெய்வக் குற்றமோ என்று ஊர் பேசிக்கொண்டிருந்த வலிப்புகளில் மூன்றில் ஒன்று, கக்கூசும் சோப்பும் இருந்திருந்தால் வந்தே இருக்காது.

வாய்க்கால் எதையும் மறப்பதில்லை

வேலூர்க் கணக்கை அப்படியே தஞ்சைக்கு ஒட்டிவைக்க நான் துணியமாட்டேன். வேலூர் மேட்டு நிலம், நம்முடையது வாய்க்கால் நாடு. ஆனால் முட்டை போகும் வழியை யோசிக்கும்போது டெல்டாக்காரனுக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

கல்லணையில் பிரிந்து வெண்ணாறு, குடமுருட்டி, வடவாறு, கல்லணைக் கால்வாய் என்று கிளைவிட்டுக் கடைமடை வரை ஓடும் ஒரே தண்ணீர். அதில்தான் குளிக்கிறோம், மாடு கழுவுகிறோம், பாத்திரம் விளக்குகிறோம். காலைக்கடன் முடித்துக் கால் கழுவுவதும் அதே கரையில். விடியற்காலையில் கீரைக்காரம்மா கட்டுக்கட்டாக முளைக்கீரையையும் மல்லித்தழையையும் வாய்க்காலில் அலசிக் கூடையில் அடுக்குகிறாள். சேறு போய்ப் பளபளவென்று இருக்கும். முளைக்கீரை அடுப்பில் வேகும், முட்டை செத்துவிடும். மல்லித்தழை ரசத்தை இறக்கிய பிறகு தூவப்படும். கேரட்டும் வெள்ளரியும் பச்சடியாகும். புதினா துவையலுக்குப் பச்சையாகவே அரைபடும். சைவச் சமையலில் பச்சையாக இலைக்கு வருகிற பண்டம் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது.

கீரைக்காரம்மாவை நான் குற்றம் சொல்லவில்லை. அவளுக்கு வேறு தண்ணீர் யார் கொடுத்தார்கள்? அதோடு, தண்ணீரை விடவும் கிட்டத்தில் இருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. குடலில் புழு இருக்கும் ஒருவர் அதே வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் இருந்து, அவர் கையால் சோறு பிசைந்து கொடுத்தால், மாவு பிசைந்தால், அதுதான் நேர்வழி. அவருக்கு ஒரு நோவும் இருக்காது. தன்னால் அடுத்தவருக்கு வலிப்பு வருகிறது என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

பன்றியைத் தொடாதவர்களுக்கு எப்படி வந்தது என்று அமெரிக்காவும் ஒரு தடவை குழம்பியது. நியூயார்க்கில் வைதிக யூதக் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு பேருக்கு மூளையில் இந்தக் கட்டி. மதமே பன்றியை விலக்கிய வீடுகள் அவை. நோய் பரவியுள்ள லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து அந்த வீடுகளுக்குச் சமையல் வேலைக்கு வந்தவர்கள் வழியாக முட்டை வந்திருக்க வேண்டும் என்று 1992இல் வெளியான ஆய்வு சொன்னது. அதை வாசிப்பவர்களில் பலர் வேலைக்காரர்கள்மீது கோபப்படுவார்கள். எனக்கு வேறு கேள்வி. ஓரிரு மாத்திரையில் வெளியேறிவிடும் புழு அது. அந்த மாத்திரையை அவர்களுக்கு அதுவரை ஏன் எவரும் கொடுக்கவில்லை?

2003இல் டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் அமெரிக்காவில் மூளைக்கட்டி என்று மருத்துவமனையில் சேர்ந்தபோது நாடே பதறியது. புற்றுநோயோ என்ற அச்சம் நீங்கி, கடைசியில் இதே புழுத் தொற்று என்று தெரிந்தது. அடுத்த வருடமே ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆடினார். இந்த நோய்க்கு அவரைவிட நல்ல விளம்பரத் தூதர் கிடைக்க மாட்டார். ஆனால் சாய்ந்து விழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் எந்தத் தாய்க்கும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

■ கண்ணெதிரே வலிப்பு வந்தால்
ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் துண்டோ கையோ கொடுங்கள். பக்கத்தில் அடுப்பு, கல், தண்ணீர் இருந்தால் விலக்குங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. கையைக் காலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். சாவியும் இரும்பும் வலிப்பை நிறுத்துவதில்லை. அது தானாக நிற்கிறது. 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108க்குக் கூப்பிடுங்கள். முதல் வலிப்பு என்றால் எவ்வளவு சீக்கிரம் நின்றாலும் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போவது நல்லது.

சாகும்போதுதான் கடிக்கிறது

இந்த நோயில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. பை உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் ஒரு சத்தமும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்திக்குப் போக்குக் காட்டி, வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும். அது சாகத் தொடங்கும்போதுதான் உடம்புக்குத் தெரிகிறது. வீக்கம் வருகிறது, வலிப்பு வருகிறது. முதல் வலிப்பு வந்த பல இந்தியர்களுக்கு அதற்குள் புழு பாதி செத்திருக்கும்.

இதனால்தான் "மூளையில் புழுவா, பூச்சி மாத்திரை வாங்கிப் போடு" என்று மருந்துக்கடைக்குப் போவது ஆபத்து. ஆல்பெண்டசோல் பைகளைக் கொல்லும். பல பைகள் ஒன்றாகச் செத்தால் மூளை வீங்கும். அதற்கு ஸ்டீராய்டு துணை வேண்டும். கண்ணுக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஃபரிதாபாத் இளைஞர்போல் எங்கும் நிறைந்திருந்தால் அந்த மாத்திரையே வினையாகலாம் என்று மருத்துவர்கள் அதைக் கொடுக்கவே இல்லை. ஒற்றைக் கட்டி மட்டும் உள்ளவர்கள் வலிப்பு மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டால், பலருக்குக் கட்டி சுருங்கி மறைந்து, மாத்திரையையும் மருத்துவர் நிறுத்திவிட முடிகிறது.

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரை வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அது கொக்கிப்புழுவுக்கும் உருண்டைப்புழுவுக்கும் நல்லது, கட்டாயம் கொடுக்க வேண்டும். நாடாப்புழுவுக்கு அந்த ஒரு வேளை போதாது என்பதுதான் விஷயம். அதற்கு நிக்லோசமைடு, பிரசிகுவாண்டல் என்று தனி மருந்துகள் உண்டு. மலத்தில் வெள்ளை நாடாத் துண்டு கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்ல வேண்டும். ஆனால் யார் சொல்கிறார்கள்? மலத்தைப் பற்றி டாக்டரிடம்கூடப் பேசக் கூசும் சமூகம் நாம்.

வலிப்பு வந்த பின் வாழ்க்கை எப்படி மாறுகிறது என்பதை நகரத்து ஸ்கேன் அறிக்கை சொல்லாது. நாற்றங்காலில் விழுந்தால் முழங்கால் தண்ணீரே ஆளைக் கொல்லும். மோட்டார் ஷெட்டுக்குத் தனியாகப் போக முடியாது. டிராக்டர் ஓட்டுகிறவர் என்றால் பிழைப்பே போயிற்று. உரிம விண்ணப்பத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். நடவுக்குப் போகும் பெண்ணுக்கு வலிப்பு என்று தெரிந்தால் கொத்தில் சேர்க்கத் தயங்குவார்கள். விறகடுப்பில் வெந்த கையோடு மருத்துவமனைக்கு வந்த ஒரு பெண்ணிடம் பேசினேன். மாத்திரை இருக்கிறது; மாமியாருக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். வீட்டில் ஆள் நிறைந்திருந்த மூன்று நாள் எடுக்க முடியவில்லை. நாலாம் நாள் அடுப்பில் விழுந்தார்.

பன்றிக்குத் தடுப்பூசி உண்டு

பெரு நாட்டின் தும்பெஸ் பகுதியில், மனிதருக்கு மாத்திரை, பன்றிக்கு மருந்து, பன்றிக்குத் தடுப்பூசி என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தார்கள். 107 கிராமங்களில் 105இல் பரவல் நின்றது. 2016இல் முடிவுகள் வந்தன. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான அந்தப் பன்றித் தடுப்பூசியைத் தயாரித்து விற்பது யார் தெரியுமா? ஹைதராபாத்தில் உள்ள இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ். பெயர் 'சிஸ்வாக்ஸ்'. நம் நாட்டுச் சரக்கு.

பன்றி வளர்க்கும் குடும்பங்கள் நம் ஊர்களில் சாக்கடை ஓரத்திலும் குப்பை மேட்டருகிலும்தான் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறார்கள். நோய் என்றதும் நகராட்சி வண்டி வந்து பன்றியைப் பிடித்துப் போகிறது. பட்டி கட்ட இடமும், ஊசியும், அந்தக் குடும்பத்துக்கு ஒரு கழிப்பறையும் கொடுத்துப் பார்த்தால் என்ன? வெண்பன்றிப் பண்ணைக்கு மானியம் பேசும் நாம், வீதியில் பன்றி மேய்ப்பவரிடம் அபராதம் மட்டும் பேசுகிறோம்.

கழிப்பறைக் கதை இன்னும் சிக்கல். கிராமப்புற இந்தியாவில் திறந்தவெளி மலம் கழித்தல் ஒழிந்தது என்று 2019 அக்டோபர் 2ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. டெல்டாவில் நாலடி தோண்டினால் தண்ணீர். குழிக் கழிப்பறை ஐப்பசி அடைமழையில் நிரம்பி மேலே வருகிறது. அல்லது செப்டிக் டேங்கின் குழாய் நேராக வாய்க்காலில் வந்து முடிகிறது. டேங்கை உறிஞ்சும் லாரி இரவில் எங்கே போய்க் கொட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள். கட்டடம் எழும்பிவிட்டது. மலம் மட்டும் பழைய இடத்துக்கே போகிறது.

காவிரிக் கரையில் முசிறியில் இதற்கு ஒரு பதில் எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டது. பத்மஸ்ரீ மாராச்சி சுப்புராமனும் அவரது 'ஸ்கோப்' அமைப்பும் தரைக்கு மேலே கட்டிய உலர் கழிப்பறைகள். சிறுநீர் தனியாக, மலம் தனியாக. மேலே சாம்பல் தூவி மாதக்கணக்கில் மூடி வைத்தால் உலர்ந்து எருவாகிறது. நிலத்தடி நீரைத் தொடுவதில்லை. நீர்மட்டம் மேலே இருக்கும் ஊருக்கென்றே செய்ததுபோல் இருக்கும். முசிறியிலிருந்து தஞ்சாவூருக்கு அது ஏன் இன்னும் நடந்து வரவில்லை என்பதற்கு எந்த அதிகாரியிடமும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

■ உடும்புக்கறி
பச்சை இறைச்சியால் மூளைக்கு நேராக வரும் புழுவும் உண்டு. நத்தையில் வளரும் எலி நுரையீரல் புழு, அந்த நத்தையைத் தின்ற உடும்பின் உடலிலும் இருக்கும். பலம் வரும், மூட்டுவலி போகும் என்று பச்சை உடும்புக்கறி தின்றவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்ததைக் கேரள மருத்துவர்கள் 2006இல் எழுதினார்கள். உடும்பைப் பிடிப்பதே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சொல்லணுமாடா?

அத்தை மகன் இரண்டு வருடம் மாத்திரை போட்டான். கட்டி கரைந்தது. மாத்திரையை நிறுத்திப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது; வலிப்பு திரும்பவில்லை. இப்போது கும்பகோணத்தில் வேலை. போன தை மாதம் பெண் பார்த்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது.

அத்தை எனக்குப் போன் செய்தாள். நேரில் வரச் சொன்னாள். அதே திண்ணை. பழைய ஸ்கேன் உறையை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தாள்.

"சொல்லணுமாடா? அதான் போயிடுச்சே."

வலிப்பு இருந்தால் திருமணம் செல்லாது என்று சொல்ல இடம் தந்த வரி 1999 வரை இந்துத் திருமணச் சட்டத்தில் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள் என்று நான் சொன்னேன். சட்டத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. எனக்கும் அது தெரிந்தது.

"புழுன்னு சொன்னா, பன்னி தின்னோம்னு நினைப்பாங்களேடா."

"இல்லை அத்தை. அது கறியால வரல. யாரோ ஒருத்தர் கை கழுவாததால வந்தது."

"அது அதைவிட அசிங்கம்டா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

உள்ளேயிருந்து அவன் வந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அம்மாவின் மடியிலிருந்து உறையை எடுத்தான். அந்தப் பெண்ணுக்குப் போன வாரமே போனில் எல்லாம் சொல்லிவிட்டதாகச் சொன்னான்.

"என்னடா சொன்னா?"

"அவங்க ஊர்ல ரெண்டு பேருக்கு வலிப்பு இருக்காம். ஸ்கேனே எடுக்கலையாம். எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்னு கேட்டா."